இரவில் யாரோடு விளையாடுகிறார்கள்?

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்காகப் பெரியப்பாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். தேர் முடிந்த மறுநாள் பின்னேரம், எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, தன் தொலைபேசியில் ஓர் ஆட்டத்தைக் காட்டினார். ஆறு குழி மேசையில் விளையாடும் பில்லியர்ட்ஸ், ஒன்பது பந்து வைத்து ஆடும் நைன்போல் வகை. இரண்டு பெண்கள் மோதிய இறுதி ஆட்டம். நீலத் துணி விரித்த மேசையில் ஒருத்தி அடித்த பந்து மூன்று பக்கமும் தட்டி, அவள் நினைத்த இடத்தில் வந்து நின்றது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா அங்கே ஒரு கழகத்தில் பதினைந்து வருடமாக இந்த ஆட்டத்தை விளையாடுகிறார், ஆட்டம் தெரிந்தவர். "அழகாகத்தான் விளையாடுகிறார்கள். ஆனால் ஆண்களோடு விட்டால் இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிடுவார்கள்" என்றார். அதில் ஏளனம் இருக்கவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

தங்கச்சி அப்போது தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டைக் கையில் பிடித்தபடியே ஒரு நிமிடம் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, அந்தப் பெண்கள் இரவில் யாரோடு விளையாடுகிறார்கள்?"

அண்ணாவுக்கு விளங்கவில்லை. "இரவிலா? தெரியாது. பயிற்சி செய்வார்கள்தானே" என்றார். அவள் ஒன்றும் பேசாமல் கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த விறாந்தையில் அந்தக் கேள்வி விளங்கியது எனக்கு மட்டும்தான். அண்ணா விமானம் ஏறி மாதங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு நான் அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில் இன்னும் தொண்டைக்குள்ளேயே நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏழு மணிக்குப் பிறகு

எங்கள் ஊர் வாசிகசாலையின் பின் அறையில் ஒரு கரம் போட் இருக்கிறது. முன்னால் பத்திரிகை வாசிக்கும் வாங்குகள். பின்னால், தகரத்தொப்பி போட்ட ஒரு மின்குமிழின் கீழே, நான்கு கதிரைகளுக்கு நடுவில் அந்தப் பலகை. பள்ளிக்கூடம் விட்டு நான்கு மணிக்கு வரும் சிறுவர்கள் விளையாடுவதை யாரும் ஆட்டமாக எண்ணுவதில்லை. ஆட்டம் ஏழு மணிக்குப் பிறகுதான். தச்சு வேலை முடித்தவர், பஸ் நடத்துநர், கணக்கு வாத்தியார், மில் காவலாளி என்று ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். வென்றவர் இருப்பார், தோற்றவர் எழும்புவார். அந்தக் கதிரையில் ஓர் இடம் கிடைக்க வேண்டுமானால், மாதக்கணக்கில் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் தோற்க வேண்டும். எனக்கு அங்கே யாரும் எதையும் உட்கார்த்திச் சொல்லித் தந்ததில்லை. தோற்கடித்துத்தான் கற்பித்தார்கள்.

தங்கச்சியும் என்னோடு அங்கே வந்தவள்தான். நான்கு மணிக்கு வருவோம், ஐந்தரைக்குத் திரும்புவோம். என்னைவிட அவளுக்கு மூன்று வயது குறைவு, ஆனால் கண் என்னைவிடக் கூர்மை. 2002இல் சமாதானம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தது, இரவும் திறந்தது. பத்து மணி வரைக்கும் வாசிகசாலையில் வெளிச்சம் எரிந்தது. எனக்குப் பதினைந்து வயது. முதன்முறையாக இரவு ஆட்டத்தைப் பார்க்க அப்பா விட்டார். அதே வருடம் தங்கச்சி பெரியபிள்ளையானாள். சாமத்திய வீடு முடிந்த பிறகு அவள் வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. வராதே என்று யாரும் சொன்ன நினைவு எனக்கு இல்லை. அப்படி ஒரு சொல் தேவைப்படவும் இல்லை. எனக்கு இரவு கிடைத்த அதே வருடம் அவளுக்குப் பின்னேரமும் போயிற்று. அன்றைக்கு அதை நான் கவனிக்கவே இல்லை.

அண்ணாவின் கணக்கு

அண்ணா சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவரிடம் கணக்கு இருந்தது. ஃபார்கோ என்று ஒரு மதிப்பெண் முறை. உலகத்தில் யார் யாரோடு விளையாடினார்கள், எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்பதை வைத்து ஆணையும் பெண்ணையும் ஒரே அளவுகோலில் நிறுத்துகிறது. 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், கூடியவர் இரண்டு ஆட்டம் வெல்லும்போது குறைந்தவர் ஒன்று வெல்வார். உச்சியில் நிற்கும் ஆண்கள் 840, 850ஐத் தொடுகிறார்கள். உச்சியில் நிற்கும் பெண்கள் 800ஐ ஒட்டி நிற்கிறார்கள். இடைவெளி இருக்கிறது, அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

ஆனால் அந்த இடைவெளி எவ்வளவு என்று நான் இரவிரவாக இருந்து கணக்குப் பார்த்தேன். 60 புள்ளி வித்தியாசம் என்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் பெண் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 40. முதலில் ஒன்பது ஆட்டம் வெல்பவருக்கே வெற்றி என்று வைத்தால், ஐந்து முறை மோதினால் ஒரு முறை அவள் வெல்வாள். உலகத்தின் மிகச் சிறந்த ஆணை, ஐந்தில் ஒரு முறை! அண்ணாவின் மதிப்பெண் 500 என்று அவரே சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் இடையில் 300 புள்ளி. அவர் ஓர் ஆட்டம் வெல்வதற்குள் அவள் எட்டு வென்றிருப்பாள். ஆகவே பெண்களால் ஆண்களோடு போட்டியிட முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே நேரான பதில். ஒரு பட்டத்தை வெல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு இப்படிப்பட்ட ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆறு, ஏழு முறை வெல்ல வேண்டும். ஐந்தில் ஒன்று என்ற வாய்ப்பு அங்கே கரைந்து போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பட்டத்தின் பெயர்ப் பலகை மட்டும்தான் தெரிகிறது. பெயர் இல்லாததால் ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

இடைவெளிக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் முதலில் கையைக் காட்டுவார்கள். நைன்போலில் முதல் அடிக்கு வேகம் வேண்டும். ஏறத்தாழ 170 கிராம் நிறையுள்ள வெள்ளைப் பந்தை முழு உடம்பையும் சேர்த்து எறிவதுபோல அடித்து, ஒன்பது பந்துகளையும் சிதறடிக்க வேண்டும். அதில் ஆண்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வென்றவரே அடுத்த ஆட்டத்தின் முதல் அடியையும் அடிக்கலாம் என்ற விதியில் நடக்கும் போட்டிகளில் அந்த அனுகூலம் இன்னும் பெருகும். ஆனால் எல்லாவற்றையும் அந்த ஓர் அடியின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கரம் போட்.

கரத்தில் ஸ்ரைக்கரின் நிறை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒரு காய் ஐந்து கிராம், ஐந்தரைக் கிராம். பலகையின் உட்பக்கம் 74 சென்ரிமீற்றர். இதற்கு எந்தப் புயம் வேண்டும்? விரல் நுனி போதும். வலிமைதான் காரணம் என்றால், கரத்தில் ஆண், பெண் என்ற பிரிவே இருந்திருக்கக் கூடாது. இருக்கிறதே! 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் எங்கள் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ ஆண்கள் பட்டம் வென்றபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பெண்களுக்கான பட்டம் அங்கேயும் தனியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த எந்த ஊர்ச் சுற்றுப்போட்டியிலும் அப்படியே. ஆகவே புயத்தை விட்டுவிட்டு வேறு எங்காவது தேட வேண்டும். தங்கச்சியின் கேள்வி அங்கேதான் விரல் நீட்டுகிறது.

ஊரடங்குக் காலம்

2006 ஓகஸ்ட் 11. முகமாலையில் சண்டை தொடங்கியது, பாதை மூடியது, குடாநாடு முழுவதும் ஊரடங்கு. அந்த நாட்களை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கும் பலருக்கு அது என்னைவிட நன்றாக நினைவிருக்கும். சங்கக்கடை வரிசையும், சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட பாடும் போகட்டும். நான் சொல்ல வந்தது ஒரு சின்ன விடயம். வாசிகசாலை இரவில் பூட்டப்பட்டது. நான்கு வருடமாக எனக்கு இருந்த இரவு, ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. பத்தொன்பது வயது, பல்கலைக்கழக அனுமதி எப்போது வரும் என்று தெரியாது, படலைக்கு வெளியே தலை நீட்ட முடியாது. வீட்டுக்குள் நானும் தங்கச்சியும். அப்பா வளையின் மேலிருந்து பழைய கரம் போட்டை இறக்கித் தூசு தட்டித் தந்தார்.

பவுடர் கிடையாது. முதல் நாள் அரிசிமாவைத் தூவிப் பார்த்தோம். அது ஈரத்தை இழுத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டது. காய்கள் மணலில் சைக்கிள் உருட்டியதுபோல நின்று நின்று போயின. அம்மா தன் அலுமாரியிலிருந்து முகப் பவுடர் பேணி ஒன்றை எடுத்துத் தந்தார். அதை ஒரு பழைய துணியில் பொட்டலமாகக் கட்டி, பலகையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு நாளைக்குப் போதும். விளக்கைப் பலகையின் எந்த மூலையில் வைத்தாலும் எதிர் மூலைக் குழி இருட்டில் கிடக்கும். அதனால் தங்கச்சி ஒரு பழக்கம் பிடித்தாள். அடிக்கும் முன் எழுந்து நின்று குழியைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த பிறகு குழியைப் பார்க்கவே மாட்டாள். காயின் விளிம்பில் ஸ்ரைக்கர் பட வேண்டிய அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பாள். சின்னவிரலைச் சட்டத்தின் மேல் ஊன்றி, மூச்சை விட்டு, ஒரு சுண்டு. சத்தமே வராது. நான் பலமாக அடித்து இரண்டு காய் போடும் நேரத்தில் அவள் மெதுவாக வெட்டி ஒரு காய் போட்டு, ஸ்ரைக்கரை அடுத்த காய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவாள்.

யார் எத்தனை வென்றோம் என்பதை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்தோம். முதல் பக்கத்தில் கோடுகள் எல்லாம் என் பெயருக்குக் கீழே. ஐப்பசிக்குள் அவள் பக்கமும் நிரம்பத் தொடங்கியது. தைப்பொங்கல் வரும்போது இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. சித்திரைக்குப் பிறகு அந்தக் கொப்பியில் கோடுகள் இல்லை. எண்ணுவதை நிறுத்தியவன் நான்தான்.

அந்தக் காலத்தில்தான் பக்கத்து வளவு அண்ணர் வந்தார். எங்கள் ஊரில் கரம் என்றால் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. வாசிகசாலையில் அவர் கதிரையை விட்டு எழும்பி நான் கண்டது குறைவு. ஊரடங்கு அவருடைய ஆட்டத்தையும் பறித்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம், தளர்த்திய நேரத்தில், வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் வந்து, "தம்பி, ஒரு போட் போடுவோமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அன்று காய்ச்சல். அம்மா சொன்னார், "பிள்ளையோடு விளையாடு". அண்ணர் தயங்கினார். பிறகு, வேறு வழி இல்லாததால், உட்கார்ந்தார்.

நான் பாயில் படுத்தபடி பார்த்தேன். முதல் ஆட்டம் அவருக்கு. பத்து நிமிடம் கூடப் பிடிக்கவில்லை. இரண்டாவதும் அவருக்கு, ஆனால் இடையில் ஓரிடத்தில் அவர் ஸ்ரைக்கரைக் கோட்டில் வைத்துவிட்டு, எடுத்து, மறுபடியும் வைத்தார். அவர் இரண்டு முறை யோசித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மூன்றாவது ஆட்டத்தில் தங்கச்சியிடம் ஒரு வெள்ளையும் சிவப்பும் மிச்சம். சிவப்பு அவள் பக்கத்துச் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. நேராக அடிக்க வழியே இல்லை. அவள் எழுந்து நின்று குழியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். ஸ்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதி, திரும்பி வந்து, சிவப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு தொடு தொட்டது. சிவப்பு சட்டத்தை ஒட்டியபடியே உருண்டு, குழியின் வாயில் ஒரு கணம் நின்று, விழுந்தது. அடுத்த அடியில் வெள்ளை.

அண்ணர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த அடியை எங்கே பழகினாய்?" என்று கேட்டார். தங்கச்சி சொன்னாள்: "போன ஆட்டத்தில் நீங்கள் அடித்ததைப் பார்த்துத்தான்."

இதில்தான் என் மனம் இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அந்த அடியை இருபது, முப்பது தடவை வாசிகசாலையில் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குத் திறமை கூட என்பது ஒரு பக்கம். அவளுக்கு அந்த ஒரு தடவையும் அதுவரை கிடைக்கவில்லையே என்பது மறுபக்கம். அண்ணர் அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் தினமும் வந்தார். அவருக்கும் வேறு எதிராளி இல்லை. அந்த வருடத்தில் தங்கச்சி போன தூரம், அதற்கு முன் வந்த நான்கு வருடத்தில் நான் போன தூரத்தைவிட அதிகம்.

பிறகு சண்டை முடிந்தது, ஊரடங்கு முடிந்தது, வாசிகசாலையில் இரவு விளக்கு மறுபடியும் எரிந்தது. அண்ணர் அங்கே போனார். நானும் போனேன். போகும்போது தங்கச்சியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஊர் வழமைக்குத் திரும்பியது, அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

வீட்டுக்குள் இருந்த மேசை

அண்ணா போன பிறகு, அவர் பெயர் சொன்ன ஆட்டக்காரிகளைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது. ஜீன் பலூகஸ் 1969இல் ஒன்பது வயதில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் விளையாடினார். 1972 முதல் 1978 வரை ஏழு வருடம் தொடர்ந்து பெண்கள் பட்டம் அவருக்குத்தான். அது முதல் அடியின் பலத்தில் தங்காத, நுணுக்கத்தில் நிற்கும் பழைய வகை ஆட்டம். பிறகு ஆண்களின் போட்டிகளிலும் இறங்கினார். முப்பது வயது ஆகும் முன் 1988இல் போட்டிகளை விட்டு விலகிவிட்டார். அவர் எப்படி இந்த ஆட்டத்துக்குள் வந்தார்? நியூயோர்க் புரூக்ளினில் அவருடைய குடும்பமே ஒரு பில்லியர்ட்ஸ் மண்டபம் நடத்தியது. மேசை அவர்கள் வீட்டாருடையது, பகலும் இரவும் அவருடையது.

சதுரங்கத்தில் ஹங்கேரியின் யூடிட் போல்கர். அவருடைய தந்தை மகள்களைப் பெண்களுக்கு மட்டுமான போட்டிகளில் ஒதுக்கி வைக்க மறுத்தார். யூடிட் 1991இல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்ரர் ஆனார். 2002இல் முன்னாள் உலகச் சம்பியன் கஸ்பரோவை வென்றார். உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை போனார். நமக்குப் பக்கத்தில், சென்னையின் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கிண்ணத்தில் பதினேழு வயதில் மூன்று தங்கம் வென்றார். தந்தை ஆட்டோ ஓட்டுபவர். மகளுக்குக் கரம் பழக்கியவரும் அவரே. புரூக்ளின் எங்கே, புடாபெஸ்ற் எங்கே, வடசென்னை எங்கே! ஆனால் மூன்று இடத்திலும் ஆட்டம் வீட்டுக்குள் இருந்தது. வெளியே இருந்த அறை திறக்குமா என்று அந்தப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த அறையை ஓர் ஊரடங்கு கொண்டுவந்து தந்தது. அதை நல்லது என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் நடந்தது அதுதான்.

பெண்களுக்குத் தனியாகப் போட்டி வைப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் பெண்களின் தொழில்முறைச் சங்கம் 1976இல் உருவாகியிருக்காவிட்டால், பில்லியர்ட்ஸின் இன்னொரு வகையான ஸ்னூக்கரில் ஏழு முறை பெண்கள் உலகப் பட்டம் வென்ற இங்கிலாந்தின் அலிசன் பிஷர் 1995இல் அங்கே போய் அந்த விளையாட்டாலேயே வாழ்ந்திருக்க முடியாது. தனி வரிசை சோறு போட்டிருக்கிறது, மேடை தந்திருக்கிறது. ஆனால் அது ஒரு விலையையும் கேட்கிறது. ரியன் எவன்ஸ் 2005 முதல் 2014 வரை பத்து வருடம் ஒரு முறைகூட விடாமல் பெண்கள் ஸ்னூக்கர் உலகப் பட்டத்தை வென்றார். பத்து வருடம்! அந்த மேடையில் அவரை எழுப்பிவிட ஆளே இல்லை. தோற்காமல் எப்படிக் கற்பது? 2015இல், ஆண்களும் விளையாடும் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், முன்னாள் உலகச் சம்பியன் கென் டொஹேர்ட்டியோடு மோதினார். 10க்கு 8 என்று தோற்றார். 2017இல் அதே தகுதிச் சுற்றில் ரொபின் ஹல் என்ற ஆண் ஆட்டக்காரரை அதே 10க்கு 8 என்று வென்றார். இரண்டு பிரேம், அதாவது இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் தோற்பவரும் வெல்பவரும் வேறு உலகத்து ஆட்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அந்த இரண்டு பிரேம், ஏழு மணிக்குப் பிறகு அடைபடும் இடைவெளி.

சில நேரம் கதவை வெளியிலிருந்தும் சாத்திவிடுகிறார்கள். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில், பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் துப்பாக்கிச் சுடுதல் ஆணும் பெண்ணும் சேர்ந்து கலந்துகொண்ட போட்டி. சீனாவின் ஜாங் ஷான் இறுதிச் சுற்றுக்கு முன் 200 இலக்கில் 200ஐயும் சுட்டு வீழ்த்தி, தங்கமும் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996இல், ஸ்கீட்டில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. சம்பியன் தன் பட்டத்தைக் காக்க வர முடியவில்லை. 2000இல்தான் பெண்களுக்கென்று தனியாக வைத்தார்கள். இதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வெல்ல முடியாது என்று சொல்பவர்கள், வென்ற ஒருத்திக்கு அடுத்த தடவை கதிரை போடவில்லையே.

நான்கிலிருந்து ஆறு வரை

தங்கச்சி இப்போது கிளிநொச்சியில் படிப்பிக்கிறாள். அவளுடைய மகளுக்குப் பதினொரு வயது. விடுமுறைக்கு இங்கே வந்தால் அதே பலகையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். சட்டத்தில் ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது. அந்தப் பக்கம் மோதும் ஸ்ரைக்கர் சோர்ந்து திரும்பும். அதையும் கணக்கில் எடுத்து அடிக்கப் பழகிவிட்டாள். எழுந்து நின்று குழியைப் பார்ப்பதும், உட்கார்ந்த பிறகு பார்க்காததும் யார் சொல்லிக் கொடுத்ததோ தெரியாது. இப்போது விளக்குக்குக் குறைவில்லை.

வாசிகசாலை நிர்வாகக் கூட்டத்தில் நான் இதைப் பற்றிப் பேசினேன். பெண்பிள்ளைகளும் கரம் விளையாட வர வேண்டும் என்றேன். யாரும் எதிர்க்கவில்லை. உண்மையில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். உடனேயே தீர்மானம் போட்டார்கள்: செவ்வாயும் வியாழனும் நான்கு மணி முதல் ஆறு மணி வரை பெண்பிள்ளைகளுக்கு. தனியாக, தொந்தரவு இல்லாமல். நல்ல மனதோடு செய்த ஏற்பாடு அது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சேர்ந்து விளையாடினால்தானே பழகுவார்கள்" என்றேன். "முதலில் வரட்டும் தம்பி, பிறகு பார்ப்போம்" என்றார் தலைவர். அதுவும் பிழையான பேச்சில்லை.

போன வியாழன் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பலகை இருந்தது, காய்கள் இருந்தன, பவுடர் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. திறப்பு இருப்பவர் ஏழு மணிக்குத்தான் வருவார். சந்திக் கடைக்குப் போய் ஒரு பேணி வாங்கிவந்து தூவினேன். அவர்களில் மூத்தவளோடு நானே உட்கார்ந்தேன். மூன்று ஆட்டம் விளையாடினோம். முதல் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் வென்றேன். வேண்டுமென்றே தோற்பது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று பட்டது. மூன்றாவதில் அவள் என்னை இறுக்கிப் பிடித்துவிட்டாள். எனக்கு மூன்று கறுப்பு மிச்சம். அவளுக்கு வெள்ளை இரண்டும் சிவப்பும். சிவப்பு நடுவில், நல்ல இடத்தில் கிடந்தது. ஆட்டம் அவள் கையில்.

ஆறு மணி எப்போதோ தாண்டிவிட்டது. ஆறரை இருக்கும், வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பிள்ளையின் அம்மா வந்து நின்றார். பிள்ளை ஸ்ரைக்கரைக் கோட்டில் வைத்திருந்தாள். அதை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "போயிட்டு வாறேன் மாமா" என்று எழும்பினாள். நான் காய்களைக் கலைக்காமல் அப்படியே இருந்தேன். ஏழு மணிக்குப் பக்கத்து வளவு அண்ணர் வந்தார். இப்போது தலை முழுவதும் நரைத்துவிட்டது. பலகையைப் பார்த்தார். "இது யாருடைய ஆட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். வெள்ளை இருக்கும் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தச் சிவப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.